240டி-யின் ஐடில் குமிழ்: திருகுவதற்கு முன் பார்க்க வேண்டியவை

முதலில் கேள்வியைச் சுருக்கமாக எழுதிவிடுகிறேன். குன்னூரில் இருக்கும் நண்பர் 1983ஆம் ஆண்டு மெர்சிடிஸ் 240டி ஒன்றை வாங்கியிருக்கிறார். நான்கு சிலிண்டர் டீசல், மேனுவல் கியர். காலையில் ஸ்டார்ட் செய்ததும் வண்டி முழுதும் உதறுகிறது. டாஷ்போர்டில் ஐடில் குமிழ் ஒன்று உண்டு; பெடலை மிதிக்காதபோது எஞ்சின் ஓடும் வேகத்தை (ஐடில்) மாற்றுவது. அதைத் திருகி வேகத்தைக் கூட்டினால் உதறல் அடங்குகிறது. ஆனால் எஞ்சின் சூடான பிறகு குமிழைப் பழைய இடத்துக்குத் திருப்பினாலும் வேகம் இறங்குவதில்லை. ஆக்சிலரேட்டரை ஒரு மிதி மிதித்து விட்டால் சில நேரம் இறங்குகிறது. உள்ளூர் மெக்கானிக் டீசல் அனுப்பும் பம்ப் போய்விட்டது, கழற்றி வேலைக்கு அனுப்ப வேண்டும் என்கிறார். குமிழை எப்படிச் சரிசெய்வது, பம்பைக் கழற்றத்தான் வேண்டுமா என்று கேட்கிறார்.

பம்பைக் கழற்ற வேண்டாம், இப்போதைக்கு. உங்கள் வண்டியில் இரண்டு தனித்தனிக் குறைகள் இருக்கின்றன. ஒன்றை மறைக்க மற்றொன்றைத் திருகிக்கொண்டிருக்கிறீர்கள். காலை உதறல் ஒரு குறை. வேகம் இறங்காதது வேறொரு குறை. இரண்டாவதற்கான துப்பை நீங்களே எழுதிவிட்டீர்கள்: மிதித்து விட்டால் இறங்குகிறது. பம்புக்குள் இருந்து வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னர் கெட்டிருந்தால் நீங்கள் மிதிப்பதை அது பொருட்படுத்தாது. மிதித்ததும் இறங்குகிறது என்றால், பெடலுக்கும் பம்புக்கும் நடுவே எங்கோ ஏதோ இறுகிக்கொண்டு, ஒரு தட்டு தட்டினால் விடுபடுகிறது. அது சில நூறு ரூபாய் வேலை.

இதைப் புரிந்துகொள்ள அந்தக் குமிழ் உண்மையில் என்ன செய்கிறது என்று தெரிய வேண்டும். பெட்ரோல் காரில் கார்புரேட்டருக்குள் காற்றை அடைக்கும் மடல் இருக்கும். அதைச் சற்றுத் திறந்து வைத்தால் ஐடிலிங் கூடும். உங்கள் எஞ்சினில் அப்படி மடல் கிடையாது. காற்று எப்போதும் தடையின்றி உள்ளே போகிறது. வேகத்தைத் தீர்மானிப்பது டீசலின் அளவு மட்டும். அந்த அளவை பம்புக்குள் இருக்கும் ரேக் என்ற பற்சட்டம் முன்னும் பின்னும் நகர்ந்து கூட்டிக் குறைக்கிறது. ஐடிலிங்கில் ரேக்கை நகர்த்துவது உங்கள் கால் இல்லை, கவர்னர்தான். சுழலும் எடைக்குண்டுகள் விரிந்து வெளியே போக முயல்கின்றன. ஸ்பிரிங் அவற்றை உள்ளே தள்ளுகிறது. வேகம் குறைந்தால் குண்டுகள் சுருங்கும், ரேக் டீசலைக் கூட்டும். வேகம் ஏறினால் குண்டுகள் விரியும், டீசல் குறையும். தராசுத் தட்டுகள் ஆடி ஆடி நடுவில் நிற்பதைப் போல எஞ்சின் ஏதோ ஒரு வேகத்தில் வந்து நிற்கும்.

எஞ்சின் எந்த வேகத்தில் வந்து நிற்கும் என்பதை மாற்றுவது பம்பின் வெளியே உள்ள லீவர். பெடலை விட்டதும் லீவர் வந்து உட்காரும் இடம் அடிப்படை ஐடில் வேகம். டாஷ்போர்டு குமிழ் ஒரு கேபிளின் முனையில் இருக்கிறது. அதைத் திருகினால், பெடலையும் பம்பையும் இணைக்கும் கோல்களான லிங்கேஜைக் கேபிள் சற்றே இழுத்து, லீவரை அதன் ஓய்விடத்திலிருந்து கொஞ்சம் தள்ளி நிறுத்துகிறது. யாரோ பெடலை ஒரு நூல் அளவு மிதித்துப் பிடித்திருப்பதைப் போல, அவ்வளவுதான். குமிழால் அடிப்படை வேகத்தைக் கூட்டிப் பிடிக்க முடியும், குறைக்க முடியாது. ஆகவே ‘குமிழை அட்ஜஸ்ட் செய்வது’ என்பதே கடைசியில் செய்ய வேண்டிய வேலை. அடிப்படை சரியாக இருந்தால்தான் குமிழுக்கு அர்த்தம் உண்டு.

இந்தக் குமிழை ஏன் வைத்தார்கள்? டபிள்யூ123 என்ற இந்த வரிசை வெளிவந்தது 1976இல். 1986 வரை சுமார் 27 லட்சம் கார்கள் செய்தார்கள். குளிர்காலத்தில் பனி உறையும் ஊர்க்காரர்கள் தங்கள் தெருவை மனத்தில் வைத்துச் செய்த வண்டி. டீசல் எஞ்சினில் தீப்பொறி கிடையாது. காற்றை 21 மடங்கு நெருக்கி, அந்தச் சூட்டில் எண்ணெயைப் பற்ற வைக்க வேண்டும். இரும்பு குளிர்ந்து கிடந்தால் அந்தச் சூட்டை அது உறிஞ்சிக்கொள்ளும். முதல் ஓரிரு நிமிடங்களுக்கு வேகத்தைச் சற்றுக் கூட்டி வைத்தால் ஒவ்வொரு நெருக்கலிலும் சூடு வீணாகும் நேரம் குறையும், எண்ணெய் ஒழுங்காகப் பற்றும். அதற்காகத்தான் குமிழ்.

வளைகுடாவில் நான் வேலை பார்த்த பட்டறைக்கு இந்த வண்டிகள் நிறைய வரும். அங்கே குளிர் ஏது? பத்து வருடம் யாரும் அந்தக் குமிழைத் தொட்டிருக்க மாட்டார்கள். கேபிள் உறைக்குள்ளேயே தூசியும் துருவுமாக இறுகிக் கிடக்கும். புதிதாக வாங்கியவர் ஆர்வத்தில் ஒரு நாள் திருகுவார், அதோடு அப்படியே நின்றுவிடும். அவரும் பம்ப் போய்விட்டது என்று வந்து நிற்பார். உங்கள் வண்டி எங்கிருந்து வந்ததோ தெரியாது. கதை மட்டும் அப்படியே ஒத்துப்போகிறது.

குன்னூருக்கு இன்னொரு விஷயம் உண்டு. கடல் மட்டத்திலிருந்து 1,800 மீட்டருக்கு மேலே இருக்கிறீர்கள். அங்கே காற்றழுத்தம் சென்னையைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. நெருக்கத் தொடங்கும் காற்றே மெலிந்திருப்பதால் நெருக்கலின் முடிவில் வரும் அழுத்தமும் குறையும். மேட்டுப்பாளையத்தில் ஒழுங்காக ஸ்டார்ட் ஆகும் வண்டி உங்கள் வீட்டு வாசலில் காலையில் முரண்டு பிடிப்பதில் வியப்பில்லை. சமவெளியில் மறைந்திருக்கும் சின்னக் குறைகளை மலை வெளிச்சம் போட்டுக் காட்டிவிடும்.

இனி வேலைக்கு வருவோம். எஞ்சினை நன்றாகச் சூடாக்குங்கள். வீட்டு வாசலில் நிறுத்தி வைத்துச் சூடாக்குவதைவிட இருபது நிமிடம் ஓட்டிவிட்டு வாருங்கள். குமிழை முழுவதும் தளர்ந்த பக்கத்துக்குத் திருப்புங்கள். பானெட்டைத் திறந்து, பம்பின் லீவரிலிருந்து புறப்படும் தள்ளுகோலைக் கண்டுபிடியுங்கள். அதன் இரு முனையிலும் பந்து மூட்டு இருக்கும். பம்ப் பக்க மூட்டை மெல்ல நெம்பிக் கழற்றுங்கள். இப்போது பம்ப் லீவருக்கும் காருக்கும் எந்த உறவும் இல்லை. வேகம் உடனே இறங்கியதா? இறங்கினால் பம்ப் நிரபராதி. குற்றவாளி லிங்கேஜ் அல்லது குமிழின் கேபிள். இந்த ஒரு சோதனையைச் செய்யாமல் பம்பைக் கழற்றச் சொல்பவரிடம் வண்டியைக் கொடுக்காதீர்கள்.

லிங்கேஜில் பார்க்க வேண்டியவை மூன்று. பந்து மூட்டுகளில் கிரீஸ் காய்ந்து மண்ணாகியிருக்கும். துடைத்துவிட்டுப் புதிதாகப் பூசுங்கள். எஞ்சின் மீது இருக்கும் முழங்கை லீவரின் அச்சில் எண்ணெய் போய்ப் பல வருடம் ஆகியிருக்கும். அதைக் கையால் ஆட்டிப் பாருங்கள், தானாகத் திரும்ப வேண்டும். திரும்ப இழுக்கும் ஸ்பிரிங் நீண்டு தளர்ந்திருந்தாலோ, முன்பு யாராவது வேறு வண்டியின் ஸ்பிரிங்கைப் போட்டிருந்தாலோ மாற்றுங்கள். பெடல் தண்டு காரின் முன் தகட்டைத் துளைத்து வரும் இடத்தில் உள்ள பிளாஸ்டிக் புஷ் உடைந்து போவதும் சகஜம்.

பிறகு குமிழின் கேபிள். எஞ்சின் பக்க முனையைக் கழற்றிவிட்டு, உள்ளே ஒருவரை உட்கார வைத்துக் குமிழைத் திருகச் சொல்லுங்கள். உள்கம்பி தாராளமாக வந்து போக வேண்டும். வரும்போது வந்து, போகும்போது நின்றால் அதுதான் உங்கள் நோய். கேபிளின் மேல் முனையை உயர்த்திக் கட்டி, மெல்லிய எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டு ஓர் இரவு வையுங்கள். பெரும்பாலும் உயிர் வந்துவிடும். உள்கம்பி பிரிந்து இழை இழையாக நின்றால் எண்ணெயால் பயனில்லை, புதுக் கேபிள் போட வேண்டியதுதான். கிடைக்கும் வரை கேபிளைக் கழற்றியே வைத்துவிடுங்கள். குமிழ் இல்லாமல் வண்டி ஓடும். பாதியில் இறுகும் கேபிளோடு மலைச்சாலையில் இறங்கக் கூடாது.

அடுத்து வேகத்தை அளப்பது. 240டி-யில் பெரும்பாலும் டேக்கோமீட்டர் இருக்காது. அந்த இடத்தில் பெரிய கடிகாரம் ஒன்று உட்கார்ந்திருக்கும். (72 குதிரைத்திறன் வண்டிக்கு நேரம் பார்க்கும் கருவிதான் தேவை என்று நினைத்தார்களோ என்னவோ.) பெட்ரோல் வண்டிக்கு வைத்திருக்கும், பிளக் வயரில் கவ்வ வைக்கும் மீட்டர் இங்கே உதவாது, கவ்வ வயரே இல்லை. கிராங்க் புல்லியில் பளபளக்கும் டேப் ஒரு துண்டு ஒட்டி, ஒளிபாய்ச்சி அளக்கும் கைமீட்டரைக் காட்டலாம். மோட்டார் கருவிகள் விற்கும் கடைகளில் மலிவாகவே கிடைக்கிறது. அதுவும் இல்லையென்றால் போனில் ஒலியின் அதிர்வெண்ணைக் காட்டும் செயலி போதும். நான்கு சிலிண்டர் எஞ்சினில் கிராங்க் ஒரு முறை சுற்றும்போது இரண்டு முறை எரிகிறது. நிமிடத்துக்கு 750 சுற்று என்றால் நொடிக்கு 25 எரிப்பு. போனைப் புகைக்குழாய்ப் பக்கம் பிடித்தால் 25 ஹெர்ட்ஸ் அருகே ஒரு முனை நிற்கும். ஐந்து சிலிண்டர் 300டி வைத்திருப்பவர்களுக்கு அதே வேகத்தில் 31 வரும். காதால் கேட்டு ‘சரியாக இருக்கிறது’ என்று சொல்லும் திறமை சிலருக்கு உண்டு. எனக்கு முப்பது வருடம் கழித்தும் ஐம்பது சுற்று தவறுகிறது.

வேண்டிய வேகம் 700க்கும் 800க்கும் நடுவே. நான் 750இல் வைப்பேன்.

ஆனால் நில்லுங்கள். தள்ளுகோலைக் கழற்றிய பிறகு வேகம் 750க்கு அருகில் இருந்து, காலை உதறல் மட்டும் மிச்சம் என்றால் பம்பின் திருகுகளைத் தொடாதீர்கள். உதறலுக்கு முதல் காரணமாக நான் சந்தேகப்படுவது வால்வு இடைவெளி, அதாவது வால்வு மூடியிருக்கும்போது அதைத் திறக்கும் உறுப்புகளுக்கு நடுவே விட வேண்டிய சிறு இடைவெளி. பட்டறை மொழியில் டேப்பட். இந்த எஞ்சினில் அதைத் தானாகச் சரிசெய்துகொள்ளும் ஹைட்ராலிக் ஏற்பாடு கிடையாது. கையால்தான் வைக்க வேண்டும், ஏறக்குறைய 24,000 கிலோமீட்டருக்கு ஒரு முறை. வாங்கிய பலரும் செய்வதில்லை. பழைய பெட்ரோல் வண்டிகளில் டேப்பட் தளர்ந்து கடகடவென்று சத்தம் போட்டு எச்சரிக்கும். இதில் நேர்மாறாக நடக்கும். வால்வும் அதன் இருக்கையும் தேயத் தேய வால்வு மேலே ஏறி, இடைவெளி குறைந்துகொண்டே வரும். சத்தம் அடங்கும். வண்டி அமைதியாகிவிட்டது என்று உரிமையாளர் மகிழ்ச்சியில் இருப்பார். ஒரு நாள் இடைவெளி முற்றிலும் போய், வால்வு முழுதாக மூடாது. நெருக்கிய காற்று கசியும். காலையில் அந்த ஒரு சிலிண்டர் பற்றாது, வெள்ளைப் புகை வரும், வண்டி உதறும். சூடேறியதும் எப்படியோ பற்றிக்கொண்டு உதறல் அடங்கும். நீங்கள் விவரித்தது அதேதான்.

அளவுகளை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். எஞ்சின் முழுவதும் குளிர்ந்திருக்கும்போது, காற்று உள்ளே வரும் வால்வுக்கு 0.10 மி.மீ., புகை வெளியேறும் வால்வுக்கு 0.30 மி.மீ. எது எது என்று குழம்பினால் மேனிபோல்டின் குழாய்கள் எந்த வால்வுக்கு நேரே போகின்றன என்று பாருங்கள். வால்வின் மேலே இரண்டு நட்டுகள் ஒன்றையொன்று பூட்டியிருக்கும். இரண்டுக்கும் 14 ஸ்பேனர், மெல்லியதாகவும் வளைந்ததாகவும் இருந்தால் கை சிரமப்படாது. வால்வைத் திறக்கும் சுழல் மேடான கேமின் முனை மேலே பார்த்து நிற்கும்போது ஃபீலர் கேஜ் தகட்டை நுழையுங்கள். லேசான பிடிப்போடு வழுக்கி வர வேண்டும். எஞ்சினைச் சுற்றுவது கிராங்க் போல்ட்டை வைத்து, ஓடும் திசையில் மட்டும். கேம் ஷாப்ட்டின் போல்ட்டை வைத்துச் சுற்றுவதோ பின்பக்கம் சுற்றுவதோ கூடாது. டைமிங் செயினுக்கு ஆகாது. முதல் தடவை அரை நாள் ஆகும். மறுமுறை ஒரு மணி நேரம்.

டேப்பட் சரியாக இருந்தும் உதறினால், ஸ்டார்ட் செய்யும் முன் சிலிண்டரைச் சூடாக்கும் ஹீட்டர் பிளக்குகளைப் பாருங்கள். நான்கில் ஒன்று செத்திருந்தாலும் குன்னூர் காலையில் அந்தச் சிலிண்டர் தூங்கும். வயரைக் கழற்றி மல்டிமீட்டரால் பிளக்குக்கும் எஞ்சின் உடம்புக்கும் நடுவே அளந்தால் ஓர் ஓமுக்கும் குறைவாகக் காட்ட வேண்டும். முடிவிலி காட்டினால் செத்துவிட்டது. ஒன்று செத்தால் நான்கையும் மாற்றுவது என் வழக்கம். கஞ்சத்தனம் செய்தால் அடுத்த மாதம் மறுபடி அதே வேலை. பழைய பிளக்கைக் கழற்றிய துளையில் கரி அடைத்திருக்கும். அதைச் சுத்தம் செய்யாமல் புதியதைத் திணித்தால் முனை கரியில் புதைந்து எரிந்து போகும்.

பிறகு டீசல் வரும் வழி. ஒளி ஊடுருவும் சின்ன ஃபில்டர் ஒன்று பம்புக்கு அருகே குழாயில் தொங்கும். அது கருத்திருந்தால் டாங்கில் அழுக்கு. அதையும் பெரிய ஃபில்டரையும் சேர்த்து மாற்றுங்கள். சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சும் நாசில்களுக்கு நடுவே ஓடும், துணி பின்னிய ரிட்டர்ன் ஹோஸ்களைத் தடவிப் பாருங்கள். விரலில் ஈரம் ஒட்டினால் அவற்றையும், கடைசி நாசிலின் முனையில் உள்ள அடைப்பு ரப்பரையும் மாற்றுங்கள். 2020 ஏப்ரலிலிருந்து நாடு முழுதும் பிஎஸ்6 டீசல்தான், கந்தகம் பத்து லட்சத்தில் பத்து பங்கு. அந்தக் காலத்து ரப்பருக்குப் புது எண்ணெய் பிடிப்பதில்லை. சுருங்கி வறண்டு கசிகிறது. இதற்கு பம்பைக் குறை சொல்லக் கூடாது. கசிவின் வழியே ராத்திரியில் டீசல் பின்வாங்கிக் காற்று புகுந்தால் காலையில் முதல் சில நொடிகள் எஞ்சின் திக்கித் திணறும். கையால் அழுத்தும் பிரைமர் பம்ப் உங்கள் வண்டியில் பழைய வகையாக, அதன் தலையைத் திருகி விடுவித்து அடிப்பதாக இருந்தால் அதுவே கசியும் இடமாக இருக்கலாம். அழுத்தினால் போதும் என்கிற புதுவகை கிடைக்கிறது, மாற்றிவிடுங்கள்.

எந்தச் சிலிண்டர் வேலை செய்யவில்லை என்று கண்டுபிடிக்கப் பழைய வழி ஒன்று உண்டு. எஞ்சின் ஐடிலில் ஓடும்போது ஒவ்வொரு நாசிலின் பைப் நட்டையும் சற்றே தளர்த்திப் பார்ப்பது. நல்ல சிலிண்டர் என்றால் வேகம் விழும், எஞ்சின் தள்ளாடும். தளர்த்தியும் எதுவும் மாறவில்லை என்றால் அந்தச் சிலிண்டர்தான் சோம்பேறி. கண்ணாடியும் கையுறையும் போட்டுக்கொண்டு, நட்டின் மேல் துணியைப் போர்த்திவிட்டுச் செய்யுங்கள். நாசில் திறக்கும் அழுத்தம் நூறு பாருக்கு மேல். அந்த வேகத்தில் பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். போனால் காயம் சிறியதாகத் தெரிந்தாலும் உடனே மருத்துவமனைதான், ‘நாளை பார்க்கலாம்’ கிடையாது.

கம்ப்ரஷன், அதாவது நெருக்கலின் முடிவில் சிலிண்டருக்குள் வரும் அழுத்தம், அளக்கக் கூடிய இடம் இருந்தால் அளந்துவிடுங்கள். நல்ல எஞ்சின் 22 முதல் 24 பார் காட்டும். 15க்குக் கீழே போனால் எஞ்சினே வயதாகிவிட்டது என்று பொருள். உங்கள் உயரத்தில் மீட்டர் இதைவிடக் குறைவாகவே காட்டும் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். சிலிண்டருக்குச் சிலிண்டர் வித்தியாசம் 3 பாருக்குள் இருப்பதுதான் முக்கியம். மீட்டர் இல்லாதவர்களுக்கு ஒரு நாட்டு வைத்தியம்: ஓடும் எஞ்சினில் ஆயில் மூடியைக் கழற்றி அதே துளையின் மேல் கவிழ்த்து வையுங்கள். சற்றே ஆடினால் பரவாயில்லை. துள்ளிக் குதித்துக் கீழே விழுந்தால் பிஸ்டன் ரிங்கு வழியாகக் காற்று கசிகிறது.

சூடான பிறகும் மிச்சமிருக்கும் மெல்லிய நடுக்கம் என்றால் எஞ்சின் மவுண்டிங் ரப்பர் தட்டையாகியிருக்கலாம். அதற்கு வேகத்தைக் கூட்டித் தீர்வு காணாதீர்கள்.

இவையெல்லாம் முடிந்து, சூடான எஞ்சினில், தள்ளுகோல் கழன்ற நிலையில் வேகம் 700க்குக் கீழோ 800க்கு மேலோ நின்றால் மட்டும் பம்புக்குப் போங்கள். பம்பின் பின்பக்கம் கவர்னர் உறையில், செக் நட்டோடு ஐடில் திருகு இருக்கும். செக் நட்டைத் தளர்த்தி, திருகைக் கால் சுற்றுக்கு மேல் ஒரே தடவையில் திருகாமல் மெல்ல நகர்த்துங்கள். ஒவ்வொரு முறையும் பத்து நொடி காத்திருங்கள். கவர்னர் தன் சமநிலையைத் தேடிக்கொள்ள நேரம் வேண்டும். 750 வந்ததும் செக் நட்டை இறுக்குங்கள். இறுக்கும்போதே வேகம் சற்று மாறும், அதைப் பார்த்து ஒரு முறை திருத்த வேண்டியிருக்கும். தொடங்கும் முன் திருகின் தலையில் பெயின்ட்டால் ஒரு கோடு போட்டுக்கொள்வது நல்லது. எவ்வளவு திருகினோம் என்பது மறந்து போகும், கோடு மறக்காது.

இப்போது தள்ளுகோலைத் திரும்ப மாட்டுங்கள். அதன் நீளம் சரியாக இருந்தால் இழுக்காமலும் அழுத்தாமலும் பந்தின் மேல் தானாக வந்து உட்காரும். இழுத்து மாட்ட வேண்டியிருந்தால் கோலின் நீளத்தைத் திருத்துங்கள். மாட்டிய பின்னும் வேகம் 750லேயே நிற்க வேண்டும். கடைசியாகக் குமிழின் கேபிள்: குமிழ் முழுதும் தளர்ந்திருக்கும்போது கேபிளின் முனைக்கும் அது இழுக்கும் உறுப்புக்கும் நடுவே மயிரிழை இடைவெளி இருக்க வேண்டும். இடைவெளியே இல்லையென்றால் எஞ்சின் அசையும்போதெல்லாம் கேபிள் லீவரை இழுக்கும். அதிகம் விட்டால் குமிழைப் பாதி திருகியும் ஒன்றும் நடக்காது. குமிழை முழுவதும் இழுக்கும் பக்கம் திருகினால் வேகம் ஆயிரத்தைச் சற்றுத் தாண்டி நின்றால் போதும். அதற்கு மேல் போகும்படி வைக்காதீர்கள். நீங்கள் கேட்ட ‘அட்ஜஸ்ட்மென்ட்’ இந்த ஒரு பத்திக்குள் அடங்கிவிடுகிறது, பாருங்கள்.

தொடக்கூடாதவை சில. பம்பில் ஈயம் அல்லது பெயின்ட் முத்திரை இருக்கும் திருகுகள் அதிகபட்ச வேகத்துக்கும் முழுச் சுமையின் டீசல் அளவுக்கும் உரியவை. அவை டெஸ்ட் பெஞ்சில் வைக்க வேண்டியவை, வாசலில் அல்ல. ரேக் துள்ளாமல் தடுக்கும் டேம்பர் போல்ட் என்று ஒன்று சில பம்புகளில் உண்டு. ஐடிலில் வேகம் ஏறி இறங்கி ஊசலாடினால் அதை ஓடும் எஞ்சினில் கொஞ்சம் உள்ளே திருகினால் அடங்கும் என்று பழைய கைகள் சொல்வார்கள். உண்மைதான். இளம் வயதில் நானும் செய்தேன். ஊசலாட்டம் நின்ற மகிழ்ச்சியில் இன்னும் அரைச் சுற்று உள்ளே விட்டேன். எஞ்சின் வேகம் ஏறியது, இறங்கவில்லை. சாவியைத் திருப்பி நிறுத்துவதற்குள் வயிறு கலங்கிவிட்டது. உங்கள் வண்டியில் பானெட்டுக்குக் கீழே ‘ஸ்டாப்’ என்று எழுதிய லீவர் ஒன்று இருக்கும். அதை அழுத்தினால் டீசல் நின்று எஞ்சின் அணையும். பம்பில் கை வைக்கும் முன் அது எங்கே இருக்கிறது, எவ்வளவு அழுத்தினால் அணைகிறது என்று ஒரு முறை செய்து பழகிக்கொள்ளுங்கள்.

இன்னொரு விதிவிலக்கையும் சொல்ல வேண்டும். இந்த வரிசையின் பழைய நான்கு சிலிண்டர் வண்டிகள் சிலவற்றில் கவர்னர் எடைக்குண்டால் அன்றிக் காற்றுறிஞ்சலால் இயங்குவது. காற்று நுழையும் வழியில் ஒரு மடலும், அங்கிருந்து பம்பின் பின்புறத்துக்கு மெல்லிய குழாயும் தெரிந்தால் அது அந்த வகை. நான் மேலே ‘மடல் கிடையாது’ என்று சொன்னது அதற்குப் பொருந்தாது. அதில் பம்புக்குள் இருக்கும் சவ்வு கிழிந்தாலோ குழாய் கழன்றாலோ ரேக் முழு டீசல் பக்கம் ஓடிவிடும், எஞ்சின் கட்டுக்கடங்காமல் பறக்கும். அதில் ஐடிலிங் ஊசலாடினால் திருகைத் தேடாமல் முதலில் குழாயையும் சவ்வையும் பாருங்கள். உங்களுடையது 1983 என்பதால் எடைக்குண்டு வகையாகத்தான் இருக்க வேண்டும். இருந்தாலும் முன்பு யாராவது வேறு எஞ்சின் மாற்றியிருக்கிறார்களா என்று ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.

தினசரிப் பயன்பாடு எளிது. காலையில் ஹீட்டர் விளக்கு அணைந்ததும் ஸ்டார்ட் செய்து, உதறல் அடங்கும் அளவுக்கு மட்டும் குமிழைக் கூட்டுங்கள். கிளம்பி ஓரிரு கிலோமீட்டர் போய், வெப்ப முள் அசையத் தொடங்கியதும் முழுவதும் தளர்த்திவிடுங்கள். சமவெளியில் சிலர் நெரிசலில் ஏசி நன்றாகக் குளிர வேண்டும் என்று குமிழைக் கூட்டியே வைத்திருப்பார்கள். நின்ற இடத்தில் அதில் தவறில்லை. பழைய ஜீப்பில் இருந்த கை த்ராட்டிலைப் போல நினைத்துக்கொண்டு ஓடும்போது இதை ஏற்றி வைப்பதுதான் ஆபத்து. கொண்டை ஊசி வளைவில் காலை எடுத்ததும் எஞ்சின் வண்டியைப் பிடித்து நிறுத்த வேண்டும். குமிழ் மிச்சம் வைத்த டீசல் அந்தப் பிடியைத் தளர்த்தும்.

வேகத்தை மிகவும் குறைத்தும் வைக்காதீர்கள். சூடான எஞ்சின் ஐடிலில் இருக்கும்போது ஆயில் அழுத்தம் 0.3 பாருக்குக் கீழே போகக் கூடாது; காலால் சற்று மிதித்ததும் முள் 3 வரை எகிற வேண்டும். அடிப்படை 750இல் இருந்தும் முள் அடியில் கிடந்தால் அது வேறு பேச்சு.

லிங்கேஜ், கேபிள், டேப்பட் என்ற வரிசையில் செய்துவிட்டு, தள்ளுகோலைக் கழற்றியதும் வேகம் எவ்வளவு காட்டியது, டேப்பட் திறந்தபோது எந்த வால்வில் எவ்வளவு இடைவெளி இருந்தது என்ற இரண்டையும் எழுதுங்கள். ஏதாவது ஒரு வால்வில் 0.05 மி.மீ. தகடுகூட நுழையவில்லை என்று எழுதுவீர்கள் என்பது என் ஊகம்.